டொங்குவேர் கொதித்த ஊர்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. முழங்கால் முழங்காலை இடிச்சாலும் பரவாயில்லை, இந்தக் கதையை உரக்கச் சொல்லக்கூடாது, ஏன்னா பேரைக் கேட்டதும் திரும்பிப் பார்க்கிற ஆட்கள் ரெண்டு மூணு பேர் இதுக்குள்ளே இருக்காங்க.

மலேசியாவில் பத்து மெராக் என்று ஒரு ஊர். ஈயம் தோண்டிய பள்ளங்களெல்லாம் மழைத்தண்ணி நிறைந்து பச்சைப் பசேலென்று குளமாகிக் கிடக்க, பெரிய குளத்துக்கு அந்தக் கரையில் சீனர் வீடுகளும் இந்தக் கரையில் நம்மாட்கள் வீடுகளும், நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாகப் பசார் என்கிற ஒரு சந்தையும் இருந்த ஊர். அந்தப் பசாரில் கீரை விற்றவள் பொன்னுருவி. பசாருக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் காதில் விழுவது அவள் குரல், அப்புறம்தான் கண்ணில் படுவது அவள் கூடை.

அவளுக்கு ஒரே மகள், மேகலை. பெற்ற மகள் இல்லை, வந்த மகள். அது ஊருக்கே தெரியும், மேகலைக்கும் தெரியும். கண்ணைப் பார்த்தால் சீனத்தி, வாயைத் திறந்தால் பொன்னுருவி.

வந்த விதம் இப்படி. பொன்னுருவி பெற்ற பிள்ளை மண்ணுக்குப் போய், பால் மட்டும் போகாமல் மார்பில் கட்டி நின்ற ஒரு காலையில், பின்வாசலில் சியூ மோய் என்கிறவள் வந்து நின்றாள். குளத்தில் இடுப்பளவு தண்ணியில் நின்று டூலாங் என்கிற மரத்தட்டில் மண்ணை அலசி ஈயம் பொறுக்குகிறவள். அவள் தலைத்தட்டில் அன்றைக்கு ஈயம் இல்லை, துணி சுற்றிய பெண் குழந்தை இருந்தது. வரிசையாகப் பெண்ணாகப் பெற்றவளுக்கு இதுவும் பெண், அதுவும் புலி வருஷத்துப் பெண், வீட்டில் வைத்தால் அப்பனுக்கு ஆகாது என்று சாமி கேட்டுச் சொல்லிவிட்டார்களாம். வெறுங்கையால் பிள்ளை வாங்கக்கூடாது என்று பொன்னுருவி சுற்றும் முற்றும் பார்த்தாள், கைக்கு அகப்பட்டது ஒரு கட்டு அகத்திக்கீரை, அதைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு கதவைச் சாத்தினாள். மனசு மாறிவிடுவாளோ என்ற பயம். அந்தச் சியூ மோய் கீரைக்கட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு நேரே குளத்துக்குப் போய், பெற்ற உடம்போடு பச்சைத் தண்ணியில் இறங்கி நின்றாள் என்றும், சில நாளிலேயே கரை சரிந்து அவள் மேல் விழுந்தது என்றும், தட்டுகூட மேலே வரவில்லை என்றும் பசாரில் பேசிக்கொண்டார்கள். பொன்னுருவி கேட்டுக்கொண்டே கீரை கிள்ளினாள்.

வருஷங்கள் ஓடின. மேகலை வளர்ந்து, லாரி ஓட்டுகிற ஒருத்தனைக் கட்டி, ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் போட்டாள். பிள்ளையோடு ரத்தமும் போயிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தி அனுப்பினார்கள், ஆனால் வீட்டுக்கு வந்தவள் வெளுத்த வேட்டி மாதிரி பாயில் கிடந்தாள். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் இல்லை. பொன்னுருவி பூண்டும் மிளகும் இடித்துப் பத்தியக் குழம்பு வைத்தாள், சுறாப்புட்டு செய்தாள், இரும்பு மாத்திரையை எண்ணெய் தடவிய விரலால் தொண்டையில் தள்ளினாள். மேகலை கண்ணை மட்டும் திறந்து, "அம்மா, குளுருதும்மா" என்பாள், மூடிக்கொள்வாள்.

அப்புறம்தான் பொன்னுருவி சீன மருந்துக் கடைக்காரர் பூக் தவுக்கேயை, அதாவது பூக் முதலாளியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். தவுக்கே பசார் மலாயையும் தமிழையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிப் பேசுகிறவர். அவர் மேகலையின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"நாடி நூல் மாதிரி ஓடுதுலா, தங்கச்சி. ரத்தம் வீட்டை விட்டுப் போயிடுச்சி. கூப்பிடணும்."

கடைக்குக் கூட்டிப்போய், சுவர் முழுக்க இருந்த குட்டி இழுப்பறைகளில் ஒன்றைத் திறந்து ஒரு வேரை எடுத்தார். மேலே தடித்த தலை, நடுவில் உருண்ட உடம்பு, கீழே தாடி மாதிரி பிரிகிற வால். கொத்தமல்லி வேரையும் பழைய மரப்பெட்டியையும் ஒன்றாக முகர்ந்த மாதிரி ஒரு வாசம். சீனர்கள் அதை டொங்குவாய் என்பார்கள், நம்மாட்கள் வாயில் அது டொங்குவேர்.

"பொம்பளைக்கு இதான் மருந்து. பிள்ளை பெத்தா இது, மாசம் வயிறு வலிச்சா இது, கை கால் மரத்தா இது, வயசாயி வயிறு காஞ்சாலும் இது. ஆனா பாரு, தலை வேற, உடம்பு வேற, வால் வேற. தலை ரத்தத்தைப் பிடிச்சு வைக்கும். உடம்பு ரத்தத்தை ஊட்டும். வால் ரத்தத்தை நடக்க வைக்கும். உன் மகளுக்கு உடம்பு மட்டும் போதும். தலையும் வாலும் நான் வெட்டி எடுத்துக்கிறேன்."

பொன்னுருவி இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன் தவுக்கே, நாங்க ஆடு எடுத்தா தலையும் காலும் யாருக்கு? ஆடு எடுத்தவங்களுக்குத்தானே? உடம்பை மட்டும் குடுத்துட்டுத் தலையையும் வாலையும் நீ யாருக்கு விக்கப் போறே?"

"ஐயோ, இது ஆடு இல்லலா!"

"எதுவா இருந்தா என்ன. முழுசா குடு."

தவுக்கே தலையில் அடித்துக்கொண்டு முழுசாகக் கொடுத்தார். பொன்னுருவி அதைத் தலையோடு வாலோடு, நாட்டுக்கோழியோடு, பூண்டு மிளகு சீரகத்தோடு பத்தியச் சட்டியில் போட்டு மூடி, வாசம் கூரையைத் தாண்டிக் குளத்து மேலே போகிற வரைக்கும் கொதிக்க வைத்து இறக்கினாள்.

மேகலை ஒரு கிண்ணம் குடித்தாள். குடித்து முடிக்கும்போது நகம் சிவந்தது, அப்புறம் உதடு சிவந்தது, அப்புறம் காது மடல். செத்த அடுப்பில் தணல் ஏறுகிற மாதிரி ரத்தம் ஏறுவதைப் பொன்னுருவி கண்ணால் பார்த்தாள். "மாரியாத்தா!" என்று கையை மேலே தூக்கினாள். தூக்கிய கை இறங்கவில்லை, ஏனென்றால் பின்வாசலில் சொட்டுச் சொட்டென்று தண்ணி விழுகிற சத்தம் கேட்டது.

சியூ மோய் நின்றாள். முட்டிவரை சுருட்டிய கறுப்புக் கால்சட்டை, தலையில் கட்டிய துணி, அதன்மேல் டூலாங். செத்த வயசிலேயே இருந்தாள், மேகலைக்குத் தங்கச்சி என்று சொல்லலாம். அவள் தட்டை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் தண்ணி தேங்கியது. தேங்கிய தண்ணி பெருகவும் இல்லை, காயவும் இல்லை.

பொன்னுருவியின் கையிலிருந்த மூடி தரையில் விழுந்து உருண்டு உருண்டு ஓய்ந்தது. பாயில் இருந்த மேகலை தலையைத் தூக்கி, பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடக் கற்காத சீன பாஷையில் என்னவோ கேட்டாள். நிலைப்படியில் இருந்தவள் அதே பாஷையில் பதில் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி மூக்கைச் சுருக்கினார்கள்.

ஊர் வந்து பார்த்தது. முதல் நாள் ஆட்கள் வாசலிலேயே நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பார்த்தார்கள், மறுநாள் உள்ளே வந்து பார்த்தார்கள், அதற்கு மறுநாள் சியூ மோயின் காலைத் தாண்டிப் போய், "அந்த வேரை எப்படி வேக வெச்சே, பொன்னு?" என்று கேட்டார்கள். பூக் தவுக்கேயின் கடை வாசலில் வரிசை குளம் வரை நின்றது. "எங்கப்பன் காலத்திலேர்ந்து விக்கிறோம், ஒரு செத்த எலிகூடத் திரும்பி வந்ததில்ல!" என்று அவர் கத்தினார், கத்திக்கொண்டே வேரை எடுத்துப் போட்டார். அத்தனை பேரும் முழுசாகக் கேட்டார்கள், அத்தனை பேரும் பொன்னுருவி வைத்த மாதிரியே பூண்டு மிளகு போட்டு வைத்தார்கள். மூட்டு வலிக்கு வைத்தவனுக்கு மூட்டு வலி போயிற்று, தலைச்சுற்றலுக்கு வைத்தவளுக்குத் தலைச்சுற்றல் போயிற்று, அதோடு ஒவ்வொரு சட்டிக்கும் அந்த வீட்டில் செத்தவர் ஒருத்தர் ஈரத்தோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார்.

என்ன செய்வது, பழகத்தானே வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "எங்க தாத்தா உங்க தாத்தாவைவிட அதிகமா சொட்டுறாரு" என்று சண்டை போட்டார்கள். போலீஸ் சார்ஜன் வந்து, இவர்களுக்கு அடையாள கார்டு இருக்கிறதா என்று கேட்டு, அதில் முகவரிக்கு எதைப் போடுவது என்று யோசித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். செத்தவர்களுக்குக் கொளுத்துகிற சாமிக்காகிதம் விற்ற சீனக்கிழவர், "எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தா நான் யாருக்குக் கொளுத்தச் சொல்லி விக்கிறது?" என்று மருந்துக் கடை வாசலில் நின்று திட்டினார். பக்கத்து வீட்டுக் கோகிலம் இடுப்பு வலிக்கு வேர் வைத்துக் குடித்தாள், அவளுடைய முதல் புருஷன் வந்துவிட்டான். இரண்டாம் புருஷன் பரசுராமன் முடிவெட்டுகிறவன், நல்ல மனுஷன், முதல் புருஷனை நாற்காலியில் உட்காரவைத்து முடிவெட்டிப் பார்த்தான். வெட்ட வெட்ட முடி ஈரமாகவே இருந்ததாம்.

"என்னடி கோகிலம், ரெண்டு பேருக்கும் பாய் பத்துதா?" என்று பொன்னுருவியே கேட்டாள்.

"போக்கா, ஒருத்தர் குறட்டை, ஒருத்தர் சொட்டு. எனக்கு எங்க தூக்கம்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பொன்னுருவி அப்புறம் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் கோயில் தலைவர் நடேசன் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அவர் பெண்டாட்டி தலைச்சுற்றலுக்கு வேர் குடித்து, அவருடைய செத்துப்போன அம்மா வந்து, வெற்றிலை மெல்லுகிற வாயோடு நிலைப்படியில் உட்கார்ந்து மருமகளைப் பார்த்தபடியே இருந்தாள். மருமகளுக்கு வாய்ப்புண். வாய்ப்புண்ணுக்கு நாம் என்ன செய்வோம்? அகத்திக்கீரை வதக்கித் தின்போம். தின்றாள். மாமியார் பாதி மெல்லும்போதே காணாமல் போனாள், வெற்றிலைச் சக்கை மட்டும் படியில் கிடந்தது. போன தலைச்சுற்றலும் அதே நிமிஷம் திரும்பி வந்து மருமகளைக் கீழே தள்ளியது. மருந்து சாப்பிடுகிறவன் அகத்தி தின்னக்கூடாது, மருந்தை முறித்துவிடும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சீன மருந்தையும் அது விடவில்லை.

தலைவர் கோயில் மணியை அடித்துக் கூட்டம் போட்டார்.

"வேணும்னே தின்னுட்டா! எங்கம்மாவைத் துரத்தணும்னே தின்னுட்டா! இனிமே இந்த ஊர்ல ஒரு அகத்தி மரம் நிக்கக்கூடாது!"

அருவாளோடு ஆட்கள் கிளம்பினார்கள். வேலியோரம், மாட்டுத் தொழுவம், ஆற்றங்கரை, ஒன்று விடாமல் வெட்டினார்கள். பொன்னுருவியின் கொல்லையில் இருந்தவற்றையும் வெட்டினார்கள், அவள் அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன் எல்லாரையும் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டே நின்றாள். ஆனால் ஒன்றைக் காணவில்லை அவர்கள். கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒல்லியாக, நேராக, ஆள் உயரத்துக்கு மேலே நின்ற ஒரு அகத்திக் கன்றின் மேல் அவள் நனைந்த கைலிகளை உச்சிவரை போர்த்தியிருந்தாள். துணி காயப்போடுகிற கம்பு என்று நினைத்துப் போய்விட்டார்கள். எதற்கு வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே அப்போது தெரியாது. கீரைக்காரிக்குக் கீரையை முழுசாகச் சாகவிட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் கோகிலம் போனாள்.

உச்சி வெயில் நேரம். ஈரக்காலோடு முதல் புருஷன் எழுந்து நடந்தான். கோகிலம் அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவன் பின்னால் நடந்தாள். பசார் நடுவே நடந்தாள். "எங்கடி போறே?" என்று கேட்டவர்களுக்குக் கரண்டியை ஆட்டிக்காட்டினாள். பரசுராமன் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தான், அந்தக் கை பிடிக்குள் தண்ணி மாதிரி நழுவியது. பொன்னுருவி பார்க்கப் பார்க்க இரண்டு பேரும் குளத்தில் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று இறங்கினார்கள். கடைசியாகக் கரண்டி தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

ஊரே கரையில் நின்றது. ஒருத்தருக்கும் அழுகை வரவில்லை. பரசுராமன் மட்டும், "குழம்பு அடிப்பிடிக்குதே, குழம்பு அடிப்பிடிக்குதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பொன்னுருவி ஓடினாள். கீரைக்கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மேகலை பாயில் இருந்தாள், பிள்ளை பால் குடித்தது, சியூ மோய் நிலைப்படியில் சொட்டிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் முந்திக் குடித்தவள் மேகலை, எல்லாருக்கும் முந்தி வந்தவள் சியூ மோய். இவள் ஏன் இன்னும் எழுந்து நடக்கவில்லை?

திரும்பவும் மருந்துக் கடைக்கு ஓடிக் கேட்டபோது தவுக்கேதான் சொன்னார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

"பிள்ளை பெத்தவ மாசம் முடியாம வாசல் தாண்டக் கூடாது, பச்சைத் தண்ணி தொடக் கூடாது. எங்க வழக்கம். வந்திருக்கிறவ நல்ல அம்மா, மகளுக்கு மாசம் முடியட்டும்னு காத்திருக்கா. பிள்ளைக்கு மாசம் நிறைஞ்சு சிவப்பு முட்டை குடுக்கிற அன்னிக்கு எழுந்திருப்பா. உன் மக பின்னால போவா."

"நீ குடுத்த வேர்தானே! நீயே ஒரு வழி சொல்லு!"

"நான் உடம்பு மட்டும்னு சொன்னேன், தங்கச்சி. நீ வாலையும் போட்டே. வால் நடக்க வைக்கும்."

பொன்னுருவி அங்கேயே, மருந்துக் கடைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அகத்தி இருக்கிறது, கைலிக்குள் இருக்கிறது. மேகலைக்குக் கொடுத்தால் சியூ மோய் போவாள், கூடவே மகளின் ரத்தமும் போகும். கொடுக்காவிட்டால் மகளே போவாள். இரண்டு பக்கமும் பள்ளம். ஏற்கெனவே மேகலை பாதிக்கு மேல் சீனத்தில்தான் பேசினாள். அம்மா என்று அவள் கூப்பிட்டால் நிலைப்படியில் இருந்தவள்தான் திரும்பினாள்.

ஆத்திரத்தில் வீட்டுக்குப் போய், மகளுக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே நிலைப்படியைப் பார்த்து வைதாள்.

"தூக்கிக் குடுத்தவதானே நீ? அன்னிக்குக் குடுத்துட்டு இன்னிக்கு என்னடி வந்து உட்கார்ந்திருக்கே? உனக்கு என்ன வேணும், சொல்லித் தொலை!"

அப்போதுதான் பொன்னுருவி ஒன்றைக் கவனித்தாள். இத்தனை நாளும் அவள் மகளையும் பிள்ளையையும் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள். அவள் பார்த்தது சட்டியை. ஆவி எழுந்தபோது அவள் மூக்கு விரிந்தது. அவள் விரல்கள் தண்ணியில் ஊறிச் சுருங்கி, நடுங்கிக்கொண்டிருந்தன. வயிறு இன்னும் தொளதொளவென்று, இறுக்கிக் கட்டாத வயிறாக இருந்தது. முன்பக்கம் சட்டையில் இரண்டு இடத்தில் பால் கசிந்து காய்ந்த கறை, அத்தனை தண்ணியிலும் போகாத கறை.

பச்சை உடம்புக்காரி. பெற்றவளுக்கு ஒரு வாய் சுடுசோறு கிடையாது, ஒரு செம்பு வெந்நீர் கிடையாது. கதவைச் சாத்தியது பொன்னுருவிதான்.

பொன்னுருவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மருந்து யார் உடம்பில் இருக்கிறதோ அகத்தி அங்கேதான் முறிக்கும் என்பது அவள் மண்டையில் பளிச்சென்று உறைத்தது. வெளியே மட்டும், "ஏ, எழுந்து வா, குளிக்கலாம்" என்றாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் பத்தியம் இரண்டு பேருக்கு நடந்தது. நொச்சி இலையும் இஞ்சித் தோலும் போட்டுக் கொதித்த வெந்நீரைச் சியூ மோயின் இடுப்பில் அடித்து ஊற்றினாள். முதலில் அவள் பயந்து சுவரோடு ஒட்டினாள், அப்புறம் இடுப்பைக் காட்டினாள். பழைய சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினாள். நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கிக் கோழி சமைத்தாள். தவுக்கேயிடம் போய், "இந்தத் தடவை தலையும் உடம்பும் மட்டும். வாலை நீயே வெச்சுக்கோ" என்று வாங்கிவந்து, மேகலைக்கு ஒரு சொட்டும் கொடுக்காமல் கிண்ணம் கிண்ணமாகச் சியூ மோய்க்கே ஊற்றினாள். வந்தவர்கள் யாரும் அதுவரை எந்த வீட்டிலும் வாயில் ஒரு பருக்கை வைத்ததில்லை. இவள் குடித்தாள். இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, பல் கிடுகிடுக்கக் குடித்தாள்.

பரசுராமன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். கோகிலம் போனதிலிருந்து அவன் சவரம் செய்யவில்லை.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, அக்கா? எமனுக்குச் சோறு போட்டுத் தெம்பு ஏத்துறியே!"

"உன் வேலையைப் பாருடா."

"மகளை விட்டுடாதே அக்கா. நான் பிடிச்சும் நிக்கல."

பொன்னுருவி அவனுக்கும் ஒரு கிண்ணம் சோறு வேலிக்கு மேலால் நீட்டினாள்.

நாள் ஆக ஆகச் சியூ மோய்க்கு நகம் சிவந்தது. உதடு சிவந்தது. சொட்டுவது மெதுவாயிற்று, ஒரு காலையில் நின்றே போயிற்று. நிலைப்படியில் தேங்கிய தண்ணி காய்ந்து, வெறும் கறையாக நின்றது. ஒருநாள் மத்தியானம் அவள் தூங்கினாள். செத்ததிலிருந்து முதல் தூக்கமாக இருக்கும், வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பொன்னுருவி ஈ ஓட்டினாள். ஓட்டிக்கொண்டே, "என்ன பெத்திருக்கா பாரு, அப்படியே மேகலை மூக்கு" என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

சிவப்பு முட்டை கொடுக்கிற நாள் வந்தது. தவுக்கே சாயம் தோய்த்த முட்டைகளைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வரப் பயந்து வெயிலிலேயே நின்றார். ஊர் வேலியைச் சுற்றி நின்றது. நடேசன் தலைவரும் பெண்டாட்டியைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார். மேகலை எழுந்தாள், தலை சீவினாள், பிள்ளையைத் தோளில் போட்டாள், பொன்னுருவியைச் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். சியூ மோய் எழுந்து டூலாங்கை எடுத்தாள்.

பொன்னுருவி நிலைப்படிக்குக் குறுக்கே உட்கார்ந்து இலையை விரித்தாள்.

"பத்தியம் முடியிற அன்னிக்கு வயிறாரச் சாப்பிட்டுத்தான் படி தாண்டணும். எங்க வழக்கம். உட்காரு."

சோறு வைத்தாள். பக்கத்தில், தேங்காய்ப்பூ தூவி, கருகாமல் வதக்கிய அகத்திக்கீரை வைத்தாள். வேலியோரம் நின்றவர்கள் அந்த வாசத்தை முகர்ந்து "ஹா!" என்றார்கள். தலைவர் வாயைத் திறந்தார், பெண்டாட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

சியூ மோய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கீரையைப் பார்த்தாள், பொன்னுருவியைப் பார்த்தாள். அப்புறம் பசார் மலாயில், இரண்டு பேருக்கும் புரிகிற பேச்சில், முதல் முதலாகப் பேசினாள்.

"அன்னிக்குக் குடுத்தது இதுதானே, அக்கா?"

பொன்னுருவி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "ஆமா."

"அன்னிக்கு ஆக்கித் தின்ன நேரமில்ல. தண்ணியில இறங்கணும்." கீரையை விரலால் கிளறினாள். "இது என்ன செய்யும்னு நீ சொல்ல வேணாம். ஊரே கத்திச்சே, எனக்கும் காது இருக்கு."

பொன்னுருவி இலையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் வை. பசிக்குது" என்றாள் சியூ மோய்.

பொன்னுருவி வைத்தாள். அவள் தின்றாள். சோற்றோடு பிசைந்து, கசப்புக்கு முகம் சுளிக்காமல், விரல் விரலாக நக்கித் தின்றாள். தின்னத் தின்ன அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர் அவள் வழியாகத் தெரிய ஆரம்பித்தது. கை கழுவ எழுந்தவள் மேகலையின் முன்னால் போய் நின்று, பிள்ளையை வாங்கி ஒரு தடவை முகர்ந்து, டூலாங்கில் துணி விரித்துப் படுக்கவைத்து, தட்டோடு தூக்கிப் பொன்னுருவியின் மடியில் வைத்தாள். அன்றைக்குக் கொடுத்த மாதிரியேதான். இந்தத் தடவை கதவு திறந்திருந்தது. சுடுசோற்றின் ஆவி கலைவது மாதிரி, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவள் கலைந்தாள்.

"அம்மா" என்று மேகலை கூப்பிட்டாள். பொன்னுருவி அசையவில்லை. யாரைக் கூப்பிடுகிறாளோ என்று. "அம்மா, உன்னைத்தான். ஏன் இத்தனை பேரு வேலியைச் சுத்தி நிக்கிறாங்க? என்ன சமைச்சே, வாசமா இருக்கு? எனக்கு எங்க?"

அவள் உதடு சிவப்பாகவே இருந்தது. பொன்னுருவி இலையில் ஒட்டியிருந்த கீரைத் துணுக்கைக்கூட விடாமல் வழித்து, இலையைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். "உனக்கு ரசம் சோறுடி" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு நிலைப்படியில் இருந்தவரிடம் உட்கார்ந்து, உனக்கு என்ன குறை என்று கேட்டார்கள். கல்யாணம் பார்க்காமல் செத்த தகப்பனுக்கு மகளை மாலையோடு நிறுத்திக் காட்டினார்கள், மன்னிப்புக் கேட்காத தம்பியைக் காலில் விழவைத்தார்கள், ஒரு கிழவிக்கு அவள் ஆசைப்பட்ட வளையலைப் போட்டுவிட்டார்கள். குறை தீர்த்து, வேர்ச்சாறு குடிக்கவைத்து, பொன்னுருவியிடம் ஆளுக்கு ஒரு கொத்துக் கீரை கேட்டு வந்தார்கள். நடேசன் தலைவர்கூட வந்து, தலையைக் குனிந்துகொண்டு, சொந்தக்காரருக்காம், ஒரு கொத்து கேட்டார்.

"எந்த மரத்துக் கீரை, தலைவரே? எல்லாத்தையும்தான் வெட்டிட்டீங்களே" என்றாள் பொன்னுருவி. அவர் நின்ற கோலத்தைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் கைலிக்குள் கையை விட்டாள். பரசுராமன் மட்டும் எதுவும் கேட்க வரவில்லை. அவன் குளக்கரையில் உட்கார்ந்து கரண்டி தேடினான். பொன்னுருவி தினமும் அவனுக்குச் சோறு கொண்டுபோனாள்.

நிலைப்படிகள் காய்ந்தன. டூலாங்கில் பிள்ளை தூங்கப் பழகியது. பொன்னுருவி திரும்பவும் பசாரில் உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களை வையத் தொடங்கினாள். ஆனால் கீரை கிள்ளும்போது நடுநடுவே நிறுத்தி, குளத்தைப் பார்த்து என்னவோ யோசித்தாள்.

ஒருநாள் கூடையைச் சீக்கிரமே கட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

"தவுக்கே, ஒரு டொங்குவேர் குடு."

"யாருக்கு உடம்பு முடியல? தலையா, உடம்பா?"

"முழுசா குடு. வாலை மட்டும் வெட்டிடு. என் மகளை நான் எங்கேயும் நடக்க வைக்க மாட்டேன்."

தவுக்கே வாலை வெட்டினார். வெட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கிவந்து துணியில் சுற்றி, மேகலையின் அரிசி டின்னுக்கு அடியில், தான் போன பிறகு என்றைக்காவது அரிசி தீர்ந்து அவள் கை தடவுகிற இடத்தில் வைத்தாள். "அம்மா, டின்னுல என்ன பண்றே?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "பூச்சி பிடிக்காம இருக்க ஒண்ணு போட்டேன்டி" என்றாள். அரிசியைச் சமமாகத் தடவி மூடினாள்.

அப்புறம் கொல்லைக்குப் போனாள். கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்ற அகத்தியின் மேலிருந்து கைலிகளை ஒவ்வொன்றாக உருவி மடித்து வைத்துவிட்டு, ஊரிலேயே மிச்சமிருந்த அந்த ஒரே மரத்தை அடியோடு வெட்டி, வேரையும் நோண்டி எடுத்து, நெற்றில் ஒரு விதைகூட மிச்சமில்லாமல் ஆட்டுக்கு முன்னால் போட்டாள். ஆடு அத்தனையையும் மென்று முடிக்கிற வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.